இருமல் கேட்காத நாள்

படம் எடுப்பதற்கு முன்னால் அவர் இருமுவார். பெரிய இருமல் ஒன்றும் இல்லை. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டதுபோல இரண்டே தடவை. முதலாவது சின்னது, இரண்டாவது கொஞ்சம் கனமானது. அந்த இரண்டாவது இருமலுக்குள் கேமராவின் சத்தம் அமுங்கிப்போகும். பழைய கேமரா அது. பொத்தானை அழுத்தினால் பெட்டி மூடியை அடித்துச் சாத்தியது மாதிரி ஒரு 'டப்' கேட்கும். அது தெருவின் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் இருமல். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகவே மாட்டார். வயிற்றுக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும் எதையோ படிப்பவர்போல நிற்பார். இருமுவார். போய்விடுவார்.

பதினொரு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஜிப் அக்கா. மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு இருந்த இடம் அவளுடையது. பை, பெட்டி, ஜாக்கெட் என்று எதில் ஜிப் பழுதானாலும் அவளிடம்தான் வரும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் ஜிப் அக்காதான். பேசுவது குறைவு. குனிந்த தலை நிமிராமலே தெருவில் யார் போகிறார்கள், யார் வரவில்லை, யார் யாரிடம் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவர் வர ஆரம்பித்த மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டாள். இருமுகிறவனுடைய கை வாய்க்குப் போகும். இவருடைய கை வயிற்றுக்குப் போனது.

பக்கத்தில் மெஷின் வைத்துச் சாவி வெட்டுகிறவனிடம் அன்றைக்கே சொன்னாள். அவனிடம் சொன்னால் தண்டோரா போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் எதிர்ப்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வாட்ச் ரிப்பேர் செய்யும் வாட்ச்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் 'இருமல்' என்று பெயர்.

இருமல் வியாழக்கிழமைகளில் வருவார். அன்றைக்குத்தான் அவருடைய ஸ்டுடியோவுக்கு விடுமுறை. மற்ற ஆறு நாளும் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுப்பார். தாடையை இறக்குங்க, தோளை நேரா வையுங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பாட்டு. ஒருதரம் வாட்ச்காரரிடம் பட்டை மாற்றிக்கொள்ள உட்கார்ந்தபோது அவரே சொன்னார்.

"போஸ் குடுக்கிற மூஞ்சியப் பார்த்துப் பார்த்து எனக்கு வாந்தி வருது. தெருவுலதான் மனுஷன் மனுஷனா இருக்கான். அவனுக்குத் தெரியாம எடுத்தாத்தான் அது படம்."

"ஆமா ஆமா. தெரியாம எடுக்கிறதுதான் கஷ்டம்" என்றார் வாட்ச்காரர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

அவர் தலை மறைந்ததும் வாட்ச்காரரும் சாவிக்காரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏனென்றால் முதல் இருமலுக்கும் இரண்டாவது இருமலுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கத் தயாராகிவிடும். சாவிக்காரன் கையில் கிடைத்த சாவியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். வாட்ச்காரர் தின்றுகொண்டிருந்த பன்னை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, லென்ஸைக் கண்ணில் மாட்டி, உலகத்துக் கவலையெல்லாம் அந்த வாட்சுக்குள் இருப்பதுபோலக் குனிவார்.

"இன்னைக்கு என்ன குடுத்தீங்க?" என்று சாவிக்காரன் கேட்பான்.

"வானத்தப் பார்த்துப் பெருமூச்சு."

"போன வாரமும் அதானே?"

"போன வாரம் வெறும் பெருமூச்சு. வானம் இன்னைக்குத்தான்."

ஜிப் அக்கா இந்த விளையாட்டில் சேரவில்லை. முதல் இருமல் கேட்டதும் தலையை இன்னும் கீழே கவிழ்த்துக்கொள்வாள். பதினொரு வருடத்தில் இருமலுக்கு அவளிடமிருந்து கிடைத்தது அவளுடைய வகிடு மட்டும்தான்.

"சும்மா ஒரு சிரிப்பு சிரிங்கக்கா, என்ன கொறஞ்சு போச்சு" என்பான் சாவிக்காரன்.

"என்னக் கேக்காம என் மூஞ்சிய எடுத்துட்டுப் போறதுக்கு அவர் யாரு?" என்பாள். அவள் சேர்ந்தாற்போலப் பேசுகிற நீளமான வாக்கியம் அநேகமாக அதுதான்.

அவள் வேலை கற்றது ஒரு பை தயாரிக்கும் தொழிற்சாலையில். பதினைந்து வயதில் சேர்ந்து, கதவை இழுத்து மூடிய நாள் வரை பதினெட்டு வருடம், ஜிப்பை இழுத்து மூடும் ரன்னரைக் கோக்கும் மேஜையில் இருந்தவள். அந்த மேஜைக்கு மேலே விளக்கு சரியாக எரியாது. மேற்பார்வையாளர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். அதனால் கண் மேற்பார்வையாளர் மேல் இருக்கும், விரல் பைக்குள் இருக்கும். லைனிங் துணிக்குள் ரன்னர் நழுவிப்போனால் மணிக்கட்டு வரை கையை விட்டுத் தடவித்தான் பிடிக்க வேண்டும். அப்போது பைக்குள் பார்த்தால் கை தடுமாறும். எங்கேயாவது வேறுபக்கம் பார்த்தால்தான் விரல் நுனிக்குப் புத்தி வரும். அந்த மேஜையில் இருந்த ஒன்பது பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். கடைசி நாள் அவள் அங்கிருந்து எடுத்து வந்தது ஒரு குறடும் இந்தப் பழக்கமும்தான்.

முதல் மாடியில் டைப் அடித்துக் கொடுக்கும் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் அம்மா ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவசரமாக இறங்கி வந்து, பழுப்புக் கைப்பையை மடியில் வைத்தார்.

"உள் பாக்கெட் ஜிப் மாட்டிக்கிச்சு. ரன்னரே காணோம்."

"பர்ஸ எடுத்துக்கிட்டுப் போங்கம்மா." யார் பை கொடுத்தாலும் அவள் முதலில் சொல்வது இதுதான்.

"இருக்கட்டும், மேல கூப்பிடுறாங்க." படியேறிப் போய்விட்டார்.

பர்ஸ் பைக்குள்ளேயே இருந்தது. ஜிப் அக்கா கையை உள்ளே விட்டாள். படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. காலை மடக்க வேண்டுமா என்று கடைக்கண்ணால் மேலே பார்த்தாள். பக்கத்தில் சாவிக்காரன் ஒரு கனத்த இரும்புச் சாவியை மெஷினில் கொடுத்திருந்தான். பல்லைக் கூச வைக்கும் சத்தம். எதிரே நின்ற இருமல் அன்றைக்கு இருமினாரா இல்லையா, யாருக்குத் தெரியும். தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.

நான்கு மாதம் கழித்துச் சுவரொட்டி வந்தது.

பக்கத்துத் தெரு ஹாலில் புகைப்படக் கண்காட்சி. 'அவர்கள் அறியாத நொடிகள்: பதினொரு ஆண்டுத் தெருப்படங்கள்' என்று மேலே பெரிய எழுத்து. கீழே ஆள் உயரத்துக்கு ஜிப் அக்கா. மணிக்கட்டு வரை கை பைக்குள். பர்ஸின் மூலை விரலிடுக்கில் தெரிகிறது. கண் ஓரமாகப் போய் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறது. உதடு இறுகியிருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபடுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது மாதிரி. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை: 'சந்தர்ப்பம்'.

சாவிக்காரன்தான் முதலில் பார்த்தான். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், இன்னொருதரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். படிக்கட்டுக்கு நேர் எதிரே ஒன்று, திருப்பத்தில் இரண்டு, பஸ் நிறுத்தத்தில் ஒன்று என்று ஒட்டியிருந்தார்கள்.

மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மா இறங்கி வந்தார்.

"அது என் பைதானே?"

"ஆமாம்மா."

"ஒண்ணும் காணாமப் போகல. நான் பார்த்துட்டேன்."

"எப்பம்மா பார்த்தீங்க?"

அவர் வாட்சைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "இப்பத்தான்" என்றார்.

நான்கு மாதம் ஒரு சந்தேகமும் இல்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த பையை அன்று காலையில் கொட்டிப் பார்த்திருக்கிறார். அந்த 'இப்பத்தான்' அவளைக் குத்தியது போலச் சுவரொட்டிகூடக் குத்தவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு, அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா பையிலிருந்ததையெல்லாம் ஒரு துணியில் கொட்டி, எண்ணி, முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சையும் கையிலேயே பிடித்துக்கொண்டார். தோல் பெட்டியைப் பழுதுபார்க்க வந்த ஒருத்தர் சுவரொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "அப்புறம் வர்றேன்" என்று திரும்பினார். நம்பிப் பையைக் கொடுக்காவிட்டால் அவளுக்குப் பிழைப்பு ஏது?

வீட்டில் அவளோடு இருப்பது நாத்தனார் ஒருத்திதான். புருஷன் போன பிறகும் அவருடைய தங்கை போகவில்லை. வாய் ஊரைக் கூட்டும், மனசு கெட்டதில்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க, படத்தப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் என் கம்மல் ஞாபகம் வந்துச்சு."

"அது நீயே அரிசி டப்பாவுல போட்டு வச்சதுடி!"

"அதான், அதுவும் அப்புறம் ஞாபகம் வந்துச்சு." பிறகு குரலை உயர்த்தினாள். "நேராப் போயி அந்த ஆளோட கேமராவப் புடுங்கிச் சாக்கடையில போடுங்க. நானும் வர்றேன்."

"நீ வேண்டாம்."

ஜிப் அக்கா தனியாகத்தான் ஸ்டுடியோவுக்குப் போனாள். இருமல் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார், படம் எடுக்க வந்தவள் என்று நினைத்து. தாடையைக்கூட இறக்கச் சொல்லிவிட்டார். பிறகுதான் முகம் அடையாளம் தெரிந்தது. கை கேமராவிலிருந்து இறங்கியது.

"அந்தப் படத்த எடுத்துருங்க சார்."

"ஏம்மா, அது என்னோட படம்."

"என் மூஞ்சி சார்."

"தெருவுல இருக்கிறது தெருவுக்குப் பொது. நான் ஒண்ணும் திருடின்னு எழுதலையே?"

"எழுதல. பாக்குறவங்க எழுதிக்கிறாங்க."

"அதுக்கு நானா பொறுப்பு?" அவருக்குக் கோபம் ஏறியது. "பதினோரு வருஷம் வெயில்ல நின்னு எடுத்திருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாம. அதுல இதத்தான் எல்லாரும் நின்னு பாக்குறாங்க. இத எடுத்துட்டு நான் எதக் காட்டுறது, உங்க வகிட்டையா?"

அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒருத்தருக்கும் தெரியாமலா? சொல்லவில்லை. வெளியே ஆள் காத்திருக்கிறது என்று அவர் கதவைக் காட்டினார். எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் சொல்லி முடித்ததும் வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றி வைத்தார். "ஒருத்தருக்கும் தெரியாமன்னா சொன்னான்? ஞாயித்துக்கிழமை கடைசி நாளு. கடைய மூடிட்டு எல்லாரும் போவோம், தங்கச்சி. இருமிட்டு வருவோம்."

அந்த மூன்று நாளும் அவள் நாத்தனார் முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். ரன்னர் லைனிங்குக்குள்ள போயிருச்சு, கையால தடவித்தான் எடுக்கணும், அப்ப கண்ண வேற பக்கம் வச்சாத்தான் விரலுக்குத் தெரியும், பர்ஸ் உள்ள இருந்தது அந்த அம்மா எடுக்க மறந்ததால. நான்கு வரி. "சத்தமா, அண்ணி, சத்தமா" என்று நாத்தனார் அடுப்பு மேடையிலிருந்து கரண்டியை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். சுவரெல்லாம் அவர்களுடைய தெரு. சாவிக்காரன் ஏழு படத்தில் இருந்தான். வாட்ச்காரர் ஒன்பதில் இருந்தார். இருமல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்று பேசினார்.

"இந்த முகங்கள் எதுவும் கேமராவுக்காக வச்ச முகம் இல்ல. இவங்க யாருக்குமே நான் அங்க இருந்தது தெரியாது. அதனாலதான் இது உண்மை."

வாட்ச்காரர் இருமினார். இரண்டு தடவை. முதலாவது சின்னது, இரண்டாவது கொஞ்சம் கனமானது.

சாவிக்காரன் தன் படத்துக்கு அடியில் நின்று, இல்லாத சாவியை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணை மூடினான். படத்தில் இருந்ததும் கீழே இருந்ததும் அச்சு அசல் ஒன்று. வாட்ச்காரர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்குப் பின்னால், தெருமுனையில் செய்தித்தாள் விற்பவர் கன்னத்தில் கை வைத்துக் கவலைப்பட்டார். கவலையும் படத்தில் இருந்த அதே கவலைதான்.

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது.

"இது திட்டம் போட்டு..." என்று இருமல் தொடங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"பதினோரு வருஷமா நாங்கதான் சார் உங்களுக்காகத் திட்டம் போட்டோம்" என்றான் சாவிக்காரன். "அந்தச் சாவிய அந்தக் கோணத்துல புடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. நீங்க ஒருநாள் லேட்டா வந்தா கை வலிக்கும் சார் எங்களுக்கு."

சிரிப்பு அடங்கும்போது, முன்வரிசையில் நின்ற ஒருவர் கையை உயர்த்தினார். அவளுடைய படிக்கட்டில் ஏறித்தான் அவரும் தினமும் வேலைக்குப் போகிறார். இரண்டாவது மாடி வக்கீல். பதினொரு வருடத்தில் அவள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாதவர். இப்போது திரும்பினார். கை ஆள் உயரப் படத்தைக் காட்டியது.

"அப்ப இதுவும் நடிப்புத்தானா?"

நாற்பது முகமும் அவள் பக்கம் வந்தன. சாவிக்காரன் கண்ணால் கெஞ்சினான். ஆமா என்று சொல்லுங்கள், அக்கா, ஒரே ஒரு ஆமா. சொல்லியிருந்தால் அந்தப் படமும் மற்றப் படங்களோடு சிரிப்பாகப் போயிருக்கும். சுவரிலிருந்து இறங்கி, மறந்தும் போயிருக்கும்.

நடிப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒருநாளும் அவருக்காக முகத்தை மாற்றாதவள் அவள் ஒருத்திதான். அதை எப்படி விட்டுக்கொடுப்பது?

"இல்ல சார். நான் நடிக்கல. அன்னைக்கு மட்டும் எனக்கு இருமல் கேக்கல."

அடுத்து நான்கு வரியைச் சொல்ல வேண்டும். ரன்னர் என்று ஆரம்பித்தாள். அத்தனை கண்ணும் சேர்ந்து பார்த்ததில் குரல் உள்ளே போய்விட்டது. லைனிங் என்பது உதட்டுக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற நாத்தனார் முழங்கையால் இடித்தாள். அதற்குள் ஹாலில் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்படின்னா இந்தச் சுவர்லயே இது ஒண்ணுதான் நிஜம்" என்றார் வக்கீல். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னார். "இத நான் எடுத்துக்கிறேன்."

"நிஜமாவது மண்ணாவது!" என்று நாத்தனார் கத்தினாள். "எங்கண்ணி ரன்னர் தேடுறாங்கய்யா அதுல!" யாரோ மறுபடியும் சிரித்தார்கள். அவளும் ஏதோ போஸ் கொடுக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

கூட்டம் கலையும்போது இருமல் அவளருகே வந்தார். கண் சிவந்திருந்தது.

"பதினோரு வருஷத்தக் குப்பையில போட்டுட்டீங்க. ஒரு படத்த மட்டும் நீங்களே சாட்சி சொல்லிக் காப்பாத்திட்டீங்க. ரொம்ப நன்றிம்மா."

"அது ஒண்ணுதான் சார் பொய்" என்றாள் அவள். இப்போது குரல் வந்தது. கேட்க அவரும் சாவிக்காரனும்தான் இருந்தார்கள். அவர் போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் சாவிக்காரன் எள்ளும் கொள்ளுமாக வெடித்தான். "ஒரு 'ஆமா' போதுமேக்கா! அவன் மொத்தமும் காலியாகியிருப்பான்!"

"இல்லாதத ஆமாங்க முடியுமா?"

"அவன் இல்லாதத ஆளுயரத்துக்குத் தொங்கவிட்டிருக்கான். நீங்க ஒத்த வார்த்தைக்குக் கணக்குப் பாக்குறீங்க."

வாட்ச்காரர் அவனைப் பார்த்து, "போதும்டா" என்றார்.

இரண்டு வருடம் ஆகிறது. படம் இரண்டாவது மாடியில், வக்கீல் ஆபீஸில் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் அறையில் தொங்குகிறது. அங்கே ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், கீழே இறங்கும்போது படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். சிலர் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். டைப்பிஸ்ட் அம்மா இன்னும் அவளிடம்தான் வருகிறார். பையைக் காலி செய்துவிட்டு வருகிறார்.

இருமல் புதிய கேமரா வாங்கிவிட்டார். அதற்குச் சத்தமே கிடையாது. அதனால் இருமுவதில்லை. எப்போது எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமைகளில் வாட்ச்காரர் பன்னைத் தொடுவதில்லை. சாவிக்காரன் இருமலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான்.

ஜிப் அக்கா இப்போது கையை உள்ளே விடும்போது கண்ணையும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். விரல் தடுமாறுகிறது. முன்பு கால் மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு அரைமணி ஆகிறது. பைகளும் முன்பு வந்ததில் பாதிதான் வருகின்றன. இடத்தை அவள் மாற்றவில்லை.